அங்குலத்துக்கு ஒரு முடிச்சு

புருஷனின் மழைக்கோட்டில் இன்னொருத்தி போட்ட ஒட்டைக் கண்டபோது ராஜேஸ்வரிக்கு முதலில் கோபம் வரவில்லை. தையல் நன்றாக இருக்கிறதே என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்த பிறகுதான் கோபம் வந்தது.

ஆனி மாத மழை நாலாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. புருஷன் செல்லச்சாமிக்குக் கண்டி முனிசிபலில் தண்ணீர்ப் பகுதியில் வேலை. குழாய் வழியே ஹந்தானைப் பக்கம் மலையேறி, அடைத்துக்கொண்ட சருகை வாரிப் போட்டு, வால்வுகளைத் திறந்து பூட்டிவிட்டு வருவான். மழைக்கோட்டு இல்லாமல் அந்த வேலை நடக்காது. அன்று ஈரக் கோட்டை உள்புறம் வெளியே வரப் புரட்டி அடுப்படிக் கொடியில் போட்டாள். இடது கக்கத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஒட்டு இருந்தது. அவள் போட்டதல்ல.

அவள் போட்டால் சதுரமாக வெட்டுவாள். கிழிந்த இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, சைக்கிள் டியூப்புக்குப் போடுகிற சொலூசனைத் தடவி ஒட்டுவாள். ரப்பர் தையல் மெஷினில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடரைத் தூவி, ஓரத்தை நீளத் தையலாக ஒரே ஓட்டு ஓட்டுவாள். ஊசி குத்துகிற ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு ஒரு வாசல், அதனால் எவ்வளவு குறைவாகக் குத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவள் கட்சி. கடைசியில் மெழுகுதிரியை உருக்கித் தையல்மேல் பூசுவாள். இந்த ஒட்டோ வட்டமாக இருந்தது. ஓரம் உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. சாக்கிலிருந்து உருவிய நூலால் கையில் தைத்தது. அங்குலத்துக்கு ஒரு முடிச்சு.

அப்படி முடிச்சுப் போடுகிறவர்கள் தோட்டத்துப் பெண்கள். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற சாக்குப் படங்கை அப்படித்தான் தைப்பார்கள். தேயிலை வாது உரசி நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் அடுத்த முடிச்சோடு நின்றுவிடும். தையல் முழுக்கப் பிரிந்துபோகாது. டவுனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ராஜேஸ்வரி முடிச்சுகளை விரலால் தடவி எண்ணினாள். பதினொன்று இருந்தன. அவசரத்தில் தைத்த கையாகத் தெரியவில்லை. ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பேசிக்கொண்டே ஆறுதலாகத் தைத்திருக்கிறாள், யாரோ ஒருத்தி.

வெளிநாட்டுச் சாமான் வராமல் நின்றுபோன காலம் அது. புது மழைக்கோட்டைக் கடையில் காண்பது குதிரைக்கொம்பு. அதனால் கண்டியிலிருந்த பழைய கோட்டெல்லாம் ஏதாவது ஒரு நாள் மஹய்யாவயில் ராஜேஸ்வரி வீட்டு முன்னறைக்கு வந்தாகவேண்டும். துரைமார் போட்டுக் கழித்த கோட்டு அவள் கையில் கங்காணிக்கு ஜர்கினாகும். சண்டைக் காலத்துப் பட்டாளத்துக் கோட்டு இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆகும். சிப் போனால் வேறு சிப் கிடைக்காது, பொத்தானும் கொக்கியும் வைத்துத் தருவாள். தலைமூடி இல்லாத கோட்டுக்குக் குடைத்துணியில் தலைமூடி வைப்பாள்.

கோட்டுத் தைத்து முடியும்வரை காத்திருக்கிறவர்கள் வாயைச் சும்மா வைத்திருப்பார்களா. அந்த அறைக்கு வராத செய்தி இல்லை. ராஜேஸ்வரியும் ஒரு செய்தியை வாங்கிக்கொண்டு இரண்டைக் கொடுக்கிறவள். ராஜேஸ்வரியிடம் சொன்னால் லவுட்ஸ்பீக்கரில் சொன்ன மாதிரி என்பார்கள். கெட்ட மனசு கிடையாது. வாய்க்குத்தான் பூட்டில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. அந்த வெறுமைக்கு இந்தச் சனக்கூட்டம் அவளுக்கு வேண்டியிருந்தது என்று நான் நினைக்கிறேன். மற்றப் பெண்கள் புருஷன்மாரைப் பற்றிக் குறை சொல்லும்போது மட்டும் அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "எங்க வீட்டுக்காரரு மண்ணத் தின்னாலும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் திம்பாரு" என்பாள். கேட்டவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அன்று பொழுதுபட, செல்லச்சாமி மரவள்ளிக்கிழங்கும் சம்பலுமாகச் சாப்பிட உட்கார்ந்தான்.

"கோட்டுல யாரு ஒட்டுப் போட்டது?" என்று கேட்டாள்.

"எந்தக் கோட்டு?"

"ஒங்க கோட்டு. எத்தன வச்சிருக்கீங்க?"

"அதுவா. ஸ்டோர்ல ஒருத்தன் தச்சுக் குடுத்தான்."

"ஸ்டோர்ல யாரு?"

"புதுசா வந்திருக்கான். ஒனக்கு ஆளத் தெரியாது."

"எனக்குத் தெரியாத ஆளா?"

"எல்லாரையும் தெரியணுமா ஒனக்கு?"

"ஊரு கோட்டெல்லாம் எங்கிட்ட வருது. எம் புருசன் கோட்டு மட்டும் ஸ்டோருக்குப் போவுதா?"

"ஒனக்குத்தான் தல நிமிர நேரமில்லயே. ஒரு சின்னக் கிழிசலுக்கு ஒன்னயப் போட்டு இம்சிக்கணுமா?"

அவன் தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. சாதாரணமாக அவள் கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு நாலு வார்த்தை என்று பேசுகிறவன். முனிசிபலில் அவளுக்குத் தெரியாத ஆள் ஒருவன் இருக்கிறான் என்று அவன் சொன்னதோடு, அவன் சொல்வது பொய் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மலையேறினால் பசிக்கிறது என்று கூடுதலாகக் கிழங்கு கட்டச் சொன்னான். பேக்கரியில் பாணுக்கு விடியவே வரிசையில் நின்று அடிபடுகிற காலத்தில், அவன் பங்குப் பாணில் பாதிதான் வீட்டில் அவன் வயிற்றுக்குப் போயிற்று. மீதியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனான். கூடுதலாகச் சாப்பிடுகிறவன் உடம்பு வைக்கவேண்டும். இவனுக்கோ கன்னம் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் வால்வில் சருகு அடைத்துவிட்டது என்று போனான். ஞாயிற்றுக்கிழமையும் சருகு விழத்தான் செய்யும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விழுந்த சருகை இத்தனை வருஷமும் அவன் திங்கட்கிழமைதான் வாரியிருக்கிறான்.

இதையெல்லாம் மனசில் வைத்துப் பூட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அடுத்த வீட்டுக் கைரியா வந்ததும் கொட்டிவிட்டாள். கைரியாவின் புருஷன் கடுகண்ணாவைக்கு லொறி ஓட்டுகிறவர். பதினாலு வருஷத்துச் சிநேகிதம். நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரும், பொங்கல் அந்தப் பக்கம் போகும்.

கைரியா கோட்டின் ஒட்டைத் தடவிப் பார்த்தாள். "இது பொம்புளட கைதான். ஆம்புளக்கி இந்த மாதிரி ஓரம் மடிக்கத் தெரியா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"எங்கட மனுசன் ஒரு மணித்தியாலம் சொணங்கினா நான் லொறிட டயரக் கூடக் கேள்வி கேப்பன். நீ என்னத்துக்கு இவ்வளவு நாள் நம்பிக் கொண்டீந்தாய்?"

"நம்பாம எப்பிடி கைரியா குடும்பம் நடத்துறது?"

"நம்பி நடத்தினதுதான் இப்ப பாக்கிறமே. போய்ப் பாரு, ராஜேஸ். ஆரெண்டு தெரிஞ்சாச் சரி."

ராஜேஸ்வரி அப்போதுதான் அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "அவ யாராவும் இருந்துட்டுப் போகட்டும். இந்தச் சீமையிலயே இருக்கக் கூடாது. கண்காணாத எடத்துக்குப் போயித் தொலையணும். அத யாரு செஞ்சு குடுத்தாலும் கையெடுத்துக் கும்புடுவேன்" என்றாள். கைரியா அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை செல்லச்சாமி கட்டுகஸ்தோட்டைப் பக்கம் குழாய் வேலைக்குப் போனது தெரிந்ததும், பழைய படங்கு ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குடையைப் பிடித்தபடி அவள் மலையேறினாள். அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசியிருந்தாள். அப்படியும் இரண்டு ஏறிவிட்டன. மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்களிடம், படங்கு தைக்கிற ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"கடைசிக் காம்பிராவுல ஒண்ணு இருக்கு. நல்லாத் தைக்கும்" என்றாள் ஒருத்தி.

"எந்த ஊரு ஆளு?"

"என்னமோ, வெளி ஆளுதான். பேரு பதிவில்ல. வால்வுக்காரரு கொண்டாந்து வச்சிருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு ராஜேஸ்வரிக்குக் காலில் ஏறிய அட்டையும் தெரியவில்லை, மழையும் தெரியவில்லை. லயத்து வாசலில் போய் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

"அடியே, வெளிய வாடி. எம் புருசன் கோட்டுக்கு ஒட்டுப் போட நீ யாருடி? ஒட்டுப் போட்ட கைய ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன் வா. எங்க வீட்டுப் பாணத் தின்னுட்டு உள்ள படுத்துக் கெடக்குறியா?"

காம்பிராக் கதவுகள் வரிசையாகத் திறந்தன. கையில் ரொட்டியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். ராஜேஸ்வரி மேலும் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. கடைசிக் கதவு தாமதமாகத் திறந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள்.

யசோதா. செல்லச்சாமியின் கூடப்பிறந்த தங்கை. எட்டு மாதத்துக்கு முன்னால், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில், இந்தியப் பாஸ்போட்டோடு கண்டி ஸ்டேசனில் தலைமன்னார்க் கோச்சியில் ஏற்றிவிட்ட யசோதா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடியும்வரை ஓடி, விழுந்து புரண்டு அழுது ராஜேஸ்வரிதான் வழியனுப்பினாள்.

ராஜேஸ்வரிக்கு வார்த்தை வராமல் போனது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"உள்ள வாங்க" என்றாள் யசோதா. முறை சொல்லிக் கூப்பிடவில்லை.

உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பில் தேத்தண்ணீருக்கு வைத்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். மூலையில் சாக்கும் படங்கும் குவிந்து கிடந்தன. லயத்து ஆட்களுக்குத் தைத்துக் கொடுத்து, அவர்கள் தருகிற ஒரு பிடி மாவில் காலத்தை ஓட்டுகிறாள் என்று பார்த்தவுடனே விளங்கியது.

"நீ கப்பலேறலயா?" ராஜேஸ்வரியின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"கடுகண்ணாவையில கோச்சி நின்னுச்சு. எறங்கிட்டேன்."

"எறங்கிட்டியா?"

"மூட்ட மட்டும் போயிருச்சு, மதினி."

"ஏண்டி இப்பிடிச் செஞ்ச?"

"இந்தியாவுக்குன்னு எழுதிக் குடுத்தது எம் வீட்டுக்காரரு. கீழ நான் கைரேக வச்சேன். ஊருக்குப் போகணும், ஊருக்குப் போகணும்னு துடிச்சாரு. போற மாசத்துல வயித்தால போயி அவரு செத்தாரு. அவரு இல்லாத அவரு ஊர்ல எனக்கு என்னா இருக்கு? அந்த ஊரு பேரக்கூட எனக்குச் சரியாச் சொல்ல வராது."

"விசா?"

"முடிஞ்சு ஆறு மாசம். புடிச்சா அப்பிடியே ஏத்திருவாங்க. போன மாசம் மேல் டிவிசன்ல ஒரு குடும்பத்தக் கட்டுன சேலையோட கொண்டு போனாங்க. அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டு இருந்திச்சாம்."

சீனி இல்லாத சாயத்தண்ணீரை ராஜேஸ்வரி கையில் வாங்கினாள்.

"எங்கிட்ட ஏன் மறச்சீங்க? நான் அன்னியமா?"

யசோதா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மதினி மனசு தங்கமுன்னு அண்ணன் சொல்லும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சொல்லும்."

மீதியை ராஜேஸ்வரியே நிரப்பிக்கொண்டாள். அது எந்த வசவையும் விட அவளுக்கு வலித்தது.

"லயத்துல என்னா நெனக்கிறாங்க?" என்று கேட்டாள் பிறகு.

"நீங்க நெனச்சதத்தான். நாங்களா ஒண்ணும் சொல்லல. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. அண்ணனும் சரி, அதுவே நல்லதுன்னு விட்டுருச்சு. தங்கச்சின்னு தெரிஞ்சா பேரு வரும், பேரு வந்தா பாஸ்போட்டு வரும்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது லயமே பார்த்துக்கொண்டு நின்றது. கொண்டையைப் பிடித்து இழுக்க வந்தவள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் குடையையும் அங்கேயே வைத்துவிட்டு நனைந்துகொண்டு போகிறாள். "இதென்னா சக்களத்திச் சண்ட, தண்ணி ஊத்துன அடுப்பு மாதிரி பொசுக்குன்னு போச்சு" என்று ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. திரும்பிப் போய் இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாமா என்று நினைத்தாள். வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த செல்லச்சாமியிடம் போய்வந்ததைச் சொன்னாள். அவன் கேட்ட முதல் கேள்வி, "யார் யார்கிட்டச் சொன்ன?" என்பதுதான். அவள் கால் எப்படி இருக்கிறது என்றோ, யசோதா எப்படி இருக்கிறாள் என்றோ கேட்கவில்லை.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"கைரியாகிட்ட?"

"பொம்பள ஒண்ணு இருக்குன்னு சொன்னேன். யாருன்னு எனக்கே அப்பத் தெரியாதே."

"இனிமே?"

"நாக்க அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

பூட்டிய வால்வு கசிகிறதா என்று பார்க்கிற மாதிரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையைக் கழுவப் போனான்.

சொன்னபடியே அவள் வாயைப் பூட்டினாள். அதுதான் வினையாகப் போயிற்று. கேட்காமலே சொல்கிறவள் இப்போது கேட்டாலும் சொல்லவில்லை. மலைக்குப் போன கதை அவளுக்கு முன்னாலேயே மஹய்யாவ வந்து சேர்ந்திருந்தது. கோட்டு வாங்க வருகிறவர்கள் எல்லாரும், "என்ன ராஜேஸ், அந்த ஹந்தானை விஷயம் என்னாச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். "அது சும்மா கத" என்பாள். மெஷினை வேகமாக மிதித்துப் பேச்சை அமுக்கிவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. சும்மா கதை என்றால் ஏன் இவள் முகம் இப்படிக் கறுத்துப்போனது என்று அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். கைரியா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நாளுக்கு ஒரு தடவை வந்து, சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, முனிசிபலில் கிளாக்கராக இருக்கும் தனபாலன் செல்லச்சாமியை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னார். பொலீசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போயிருக்கிறது. ஹந்தானை லயத்தில் விசா இல்லாத பொம்பளை ஒருத்தி ஒளிந்திருக்கிறாள், முனிசிபல் செல்லச்சாமி சோறு போடுகிறான் என்று அதில் இருக்கிறதாம். எதற்கும் பார்த்து நடந்துகொள்.

வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்த்தான்.

"சத்தியமா நான் சொல்லல."

"நான் கேக்கலயே."

"பாக்குறீங்களே."

"நம்புறேன், விடு" என்றான். நம்பவில்லை என்பது அவன் சொன்ன தோரணையிலேயே தெரிந்தது. அன்றிலிருந்து மலைக்குப் போகிற நாளையும் அவளிடம் சொல்வதை நிறுத்திவிட்டான். யசோதாவை வேறு இடத்துக்கு மாற்றவும் வழி இல்லை. பாதையில் வைத்தே பிடித்துவிடுவார்கள்.

ராஜேஸ்வரிக்கு வருகிறவர்கள் எல்லார்மீதும் சந்தேகமாகிவிட்டது. தோட்டத்திலிருந்து வருகிறவள் உளவு பார்க்க வந்தவளாகத் தெரிந்தாள். படித்தவர்கள் எல்லாரும் பெட்டிசம் எழுதக்கூடியவர்கள். தபால் கந்தோருக்குப் பக்கத்திலிருக்கும் பாலாம்பிகை யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவரின் மனைவி, மணியான எழுத்து. அவளிடம் ஒரு துண்டைக் கொடுத்து, கோட்டு அளவை நீங்களே எழுதித் தாருங்கள் என்றாள். அவள் எழுதித் தந்ததைத் தலையணைக்குக் கீழே வைத்து மூன்று நாள் பார்த்தாள். பெட்டிசத்தின் கையெழுத்தை அவள் கண்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை காலையில் பொலீஸ் சார்ஜன் வந்தார். சிங்களவர். மஹய்யாவக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்ததில் தமிழ் நன்றாக வரும். அறையில் அப்போது கைரியாவும் பாலாம்பிகையும் கோட்டுக்காகக் காத்திருந்தார்கள். சார்ஜன் தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை வாசலில் உதறிவிட்டு, கதிரையில் உட்கார்ந்தார்.

"செல்லச்சாமிட நோனாதானே?"

"ஆமாங்க."

"ஹந்தானை லயத்துல ஒரு பொம்பளை இருக்கு. தெரியுமா?"

ராஜேஸ்வரி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போனீங்க. ஏசினீங்க. பெறகு உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி குடிச்சீங்க. நான் டவுனுக்கு வந்த லயத்து ஆக்கள்ட்டக் கேட்டுத்தான் வந்திருக்கேன். அடிக்கப் போன எடத்துல எந்தப் பொண்டாட்டி தேத்தண்ணி குடிக்கிறது? நாத்தனார் வீட்டுல குடிக்கலாம். செல்லச்சாமிட தங்கச்சி ஒண்ணு யசோதா எண்டு இந்தியாவுக்குப் போனதா எங்கட பைல்ல இருக்கு. அங்க இருக்கிறது அந்தப் பிள்ளைதானே? உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது."

மனுஷன் கெட்டிக்காரர். வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பாலாம்பிகை தரையைப் பார்த்தாள். கைரியா ராஜேஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது என்று ராஜேஸ்வரிக்குத் தெரிந்தது. இல்லை என்றால் யார் என்று கேட்பார். யார் என்று தெரியாவிட்டால் மலையேறிப் போவார்.

மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"தங்கச்சியா? தங்கச்சிய எங்கையால கோச்சி ஏத்துனேன் ஐயா. இந்த ஊரே பாத்துச்சு. தங்கச்சி வீட்டுக்குப் போற மனுசன் பொண்டாட்டிக்கு ஒளிச்சுக்கிட்டா போவாரு? எம் புருசன் அவள வச்சிருக்காரு. இத எவ வாயால கேக்கணும்னு மழையில நனஞ்சுக்கிட்டு வந்தீங்க? எம் வாயாலயா?"

சார்ஜன் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். "அப்ப தேத்தண்ணி?"

"குடிச்சேன். கத்திப் பாத்தேன், அவ அசையல. உள்ள போயி அவ கால்ல விழுந்தேன். எம் புருசன விட்டுருடின்னு கேட்டேன். மாட்டேன்னுட்டா. எந்திரி, தேத்தண்ணி குடின்னா. குடிச்சேன். வேற என்னா செய்யச் சொல்றீங்க? பதினாறு வருசம். ஒரு புள்ளயப் பெத்துக் குடுக்க எனக்கு வக்கில்ல. அவரு வேற எடம் பாத்தாரு. இதுக்கு எந்தச் சட்டத்துல யாரப் புடிக்கப் போறீங்க?"

பிள்ளை என்று சொன்ன இடத்தில் அவள் குரல் உடைந்தது. அது பொய்யழுகை இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் அந்த அறையில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. லயத்துச் சனம் முழுக்க அவள் கத்தியதைக் கேட்டிருக்கிறது, அதையும் சார்ஜன் யோசித்திருக்க வேண்டும்.

"பொம்பளைட பேர்?" என்று கேட்டார் மெதுவாக.

"அவ பேர எம் வாயால சொல்ல மாட்டேன்."

"எந்த ஊர்?"

"கடுகண்ணாவைப் பக்கமாம். அங்கயும் எவனோடயோ இருந்தவளாம்."

சார்ஜன் புத்தகத்தை மூடினார். விசாக் கதை யாரோ பொறாமையில் எழுதியது என்று நினைத்திருக்கலாம். ஒரு பெண் இப்படி அழும்போது இன்னும் குடைந்து கேட்கிற ஆள் அவர் இல்லை போலிருக்கிறது. மலைப்பாதையும் அட்டையும்கூட ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். "இதுக்கு நாங்க ஒண்ணும் செய்ய ஏலாது நோனா" என்று எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

பாலாம்பிகை, "நான் பிறகு வாறன்" என்று எழுந்தாள். வாசலில் திரும்பி நின்று, "மனசத் தளர விடாதேங்கோ" என்றாள். பொழுது சாய்வதற்குள் விஷயம் தபால் கந்தோர்ப் பக்கமெல்லாம் பரவிவிடும். அது ராஜேஸ்வரிக்குத் தெரியும். பரவத்தான் வேண்டும்.

கைரியா கதவைச் சாத்திவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் ராஜேஸ் அப்பிடிச் சென்னாய்?" என்று கேட்டாள்.

"எப்பிடி?"

"அந்தச் சார்ஜன்தான் வழி எடுத்துத் தந்தாரே. ஓம், அவள்தான் எண்டு ஒரு வார்த்த செல்லீந்தா இண்டைக்கே கோச்சியில ஏத்தியீப்பாங்க. நான் எவ்வளவு பாடுபட்டு எழுதுவிச்சன்."

ராஜேஸ்வரி அவள் கையிலிருந்து விலகி முகத்தைப் பார்த்தாள்.

"நீயா?"

"வேற ஆரு ஈக்கிற ஒனக்கு? நீ அண்டைக்கி அழுதத எனக்குப் பாக்கேலாமப் போச்சி. எங்கட நானாட மகன் நளீர்ட்டச் செல்லி எழுதுவிச்சன். விசா இல்லாதவள் எண்டு போடச் சென்னன்."

"விசா இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் செல்லல்ல. சும்மா போட்டது. இந்தக் காலத்துல ஒருத்திய ஊர விட்டு அனுப்ப அதுதானே லேசி."

பத்து நாளாக மஹய்யாவ முழுவதையும் ராஜேஸ்வரி சந்தேகப்பட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவியவளைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தாலும் என்ன சொல்லித் திட்டுவது. கேட்டதைத்தானே செய்து கொடுத்திருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் கைரியா தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். யாரிடமும் சொல்வதில்லை என்று அல்லாமேல் ஆணையிடுவாள். சொல்லவும் மாட்டாள், அந்த அண்ணன் மகன் நளீரைத் தவிர.

"கவலப்படாத" என்றாள் கைரியா. "இவர் போனா என்ன. கொழும்புக்கு இன்னொண்டு எழுதுவிப்பம். பெரிய கந்தோருக்கே."

"வேணாம் கைரியா."

"ஏன்?"

"அவ இருக்கட்டும்."

"என்ன பேச்சி பேசுறாய்?"

"அவ இல்லாட்டி அவரு ஒழுங்காச் சோறு திங்க மாட்டாரு. எனக்கும் பழகிப்போச்சு. இருந்துட்டுப் போகட்டும்."

கைரியா அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து, காத்திருந்த தன் புருஷனின் கோட்டைத் தைத்தது பாதி, தைக்காதது பாதியாகச் சுருட்டினாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்புளயா ராஜேஸ்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போ" என்றாள் ராஜேஸ்வரி.

காறித் துப்பாத குறையாகச் சத்தியம் பண்ணிவிட்டு, கைரியா மழையில் இறங்கிப் போனாள்.